ஷட்டவுனுக்கு முன்னால் ஒரு நோ

சென்ற ஆண்டு துர்கா பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் காலை நடந்தது இது. கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் எலக்ட்ரீஷியன். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். ஆங்கில எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வாசிக்க வராது. இதை அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

அன்று நெட்வொர்க் நின்றுபோனது. பக்கவாதம் வந்த ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. படம் பார்த்து மருந்து சொல்ல வேண்டிய டாக்டர் வேறு ஆஸ்பத்திரியில் இருந்தார். செல்போனில் பிடித்து அனுப்பிய படம் தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டார். ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நோயாளியின் மனைவி நின்றிருந்தார்.

எங்கள் நெட்வொர்க்கைக் கவனிக்கும் இன்ஜினீயர் பெண்ணுக்கு நியூ டவுனில் ஆபீஸ். அப்பா துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்ததால் இங்கேயே வளர்ந்தவர். தமிழ் பேசும்போது பாதி ஆங்கிலம்தான். போனில் அவர் சொன்னபடி ரவுட்டரையும் லேப்டாப்பையும் ஒரு கேபிளால் இணைத்தேன். கறுப்புத் திரை வந்தது. மவுஸுக்கு வேலையில்லை, எல்லாம் எழுத்தில் கட்டளை. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் தேடித் தேடித் தட்டினேன்.

"இதோட முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டேன்.

"நோ ஷட்டவுன். எஸ், எச், யூ, டி..."

இன்னும் முடியவில்லை என்பதற்குத்தான் நோ என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். ஷட்டவுனை மட்டும் தட்டினேன்.

ரவுட்டரில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. "நான் சொன்னது அப்படியே ஸ்கிரீன்ல இருக்கா?" என்றார்.

"அப்படியே இருக்கு மேடம்." திரையைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன்.

மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதே தவறு. "அப்போ பாக்ஸே போயிடுச்சு போல. வேற எடுத்துட்டு வரேன். இந்த ஜாம்ல ஒன் அவர் ஆயிடும்" என்று போனை வைத்தார்.

திரும்பினால் அந்த அம்மாள். இன்னும் எவ்வளவு நேரம் தாதா, அதாவது அண்ணா, என்று வங்காள மொழியில் கேட்டார். நானே போன் போட்டேன்.

"மேடம், கிளம்பாதீங்க. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. இருக்குன்னு சும்மா சொல்லிட்டேன்."

காதெல்லாம் சுட்டது. அவர், "எழுத்து தெரியுமில்ல? ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"நோ எங்கண்ணா?"

"அது நீங்க எனக்குச் சொன்ன நோ இல்லையா?"

சிரித்துவிட்டார். ஷட்டவுன் என்றால் இணைப்பை மூடு, முன்னால் நோ சேர்த்தால் திற. அந்தப் பெட்டியின் பாஷை அப்படியாம்.

"காலைல இங்கேருந்தே தப்பான இணைப்பை மூடிட்டு, திரும்ப உங்க பாக்ஸுக்குள்ள வர முடியாம நின்னவளே நான்தான். நீங்க தட்டுங்கண்ணா."

என், ஓ, ஒரு இடைவெளி, மீதி எட்டு எழுத்து. விளக்கு பச்சையானது. சில நிமிடத்தில் படம் போய்ச் சேர்ந்தது. டாக்டர் உடனே அழைத்துவரச் சொன்னார், ஆம்புலன்ஸும் புறப்பட்டது. அந்த நோயாளி பிழைத்து எழுந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாசிக்க வராததைத்தான் இத்தனை வருடம் என் குறையாக நினைத்து வந்தேன். அன்று ஒருவருடைய நேரத்தைத் தின்றது அதுவல்ல, அதை மறைக்க நான் சொன்ன 'இருக்கு மேடம்' என்கிற இரண்டு வார்த்தைதான்.