அருமைநாயகியின் தோசைமாவும் பொயிலர் அலுமாரியும்

அந்த வெள்ளிக்கிழமை அருமைநாயகிக்குக் கால் தரையில் படவில்லை. இலண்டனின் மிச்சம் பகுதியில் அவருடைய தோசைமாவுக்கு நல்ல பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் அதுவரை வாங்கியவர்கள் எல்லாம் மாதா கோயில் பாட்டுக்குழுப் பெண்களும் அவர்களுடைய சொந்தபந்தங்களும்தான். இப்போது பக்கத்து ஊரான டூட்டிங்கில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை போடுகிற சண்முகராசா, சனிக்கிழமைத் திறப்பு விழாவுக்கு முழு மாவையும் அவரிடமே கேட்டுவிட்டார். நன்றாக அமைந்தால் கிழமைக்குக் கிழமை எடுப்பதாகச் சொல்லியும் இருந்தார். அப்படி நடந்தால் விடிய முன்னம் எழும்பி ஹீத்ரோவில் கக்கூஸ் கழுவப் போகிற ஷிப்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். அவருக்கு வேறென்ன வேண்டும்?

இலண்டன் குளிரில் மா பொங்குதில்லை என்று புலம்பாத தமிழ் வீடு கிடையாது. அருமைநாயகி வீட்டு மா மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பும். கைராசி என்றார்கள். அவரும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார், மறுக்க மாட்டார். உண்மையான கைராசி குசினி மூலையில், வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நிற்கிற அலுமாரிக்குள் இருந்தது. பழைய காலத்துப் பொயிலர், அடுப்படி போல வெக்கை விடும். வாளிகளை அதன் காலடியில் வரிசையாக வைத்துவிட்டால் போதும். அலுமாரிக் கதவின் அடியில் பொயிலருக்குக் காற்றுப் போக ஒரு கம்பித் துவாரம் இருந்தது. கூதல் காற்று அதால்தான் வந்து மாவைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமைகளில் பழைய போர்வை ஒன்றைத் திணித்து இறுக்கி அடைத்துவிடுவார். அந்தக் கெட்டித்தனத்துக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

கணவர் கிறிஸ்துராஜா முழங்கால் வருத்தத்தால் கீழே, குசினியை ஒட்டிய அறையில் படுப்பவர். சனிக்கிழமை காலையில் வாளி தூக்கக் கூப்பிட்டால் தலையிடி, சத்தி வருகுது, வயித்தைப் பிரட்டுது என்பார். வேலைக் கள்ளம் என்று அருமைநாயகி எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். மனிதருக்கு வேறொரு கவலையும் இருந்தது. கேஸ் பில் ஏறிக்கொண்டே போனது. மனைவியிடம் மூச்சும் விடாமல், ஹவுன்ஸ்லோவில் இருக்கிற கிளறிற்றா என்ற கேஸ் எஞ்சினியரை வரச் சொல்லிவிட்டார். அவள் வந்து சேர்ந்தது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அருமைநாயகி வாளிகளை அடுக்கி அலுமாரியைச் சாத்திய கையோடு.

“அன்ரி, இந்த வாளியளை ஒருக்கா வெளியிலை எடுங்கோ.”

“அதைத் தொடாதேங்கோ பிள்ளை, நாளைக்குக் கடைக்குப் போற மா. நீங்கள் மேலாலை பாத்திட்டுப் போங்கோ.”

கிளறிற்றா அலுமாரிக் கதவைத் திறந்தாள். குனிந்து போர்வையை இழுத்தாள். வாளிகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். பொயிலரின் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தாள். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாகச் சோம்பி எரிந்தது. மேல் தகட்டில் கரி படிந்திருந்தது. கையிலிருந்த புகை அளக்கும் கருவியைப் பார்த்தவள் எழுந்து குசினி யன்னலையும் பின்கதவையும் விரியத் திறந்துவிட்டு, பொயிலரை நிறுத்தினாள்.

“வீட்டிலை ஆருக்கும் தலையிடி, சத்தி வாறதோ?”

“எனக்கு,” என்றார் வாசலில் நின்ற கிறிஸ்துராஜா. “சனிக்கிழமையளிலைதான்.”

“காத்தில்லாமல் எரிஞ்சால் நஞ்சுப்புகை வரும், அன்ரி. மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுத்த ஆள் எழும்பாது. கரி பிடிச்சால் கேஸும் வீணா எரியும், பில்லும் அதுதான் ஏறினது. வருசத்துக்கு ஒருக்காவது துப்பரவாக்கிப் பாக்க வேணும். புகைக் குழாயின்ரை இறப்பரும் பழுதாப் போட்டுது. அது திங்கட்கிழமைதான் வரும். அதுவரைக்கும் இதைப் போடேலாது.”

முதலில் அருமைநாயகிக்கு வாளிகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. “இண்டைக்கு ஒரு இரவு மட்டும் விடேலாதோ பிள்ளை?” என்று கேட்டும் விட்டார். கேட்ட பிறகுதான் கணவரின் முகம் தெரிந்தது. அந்தப் படுக்கை அறைக்கும் அலுமாரிக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். இத்தனை சனிக்கிழமைகளும் அந்த மனிதரை எழும்பச் சொல்லித் திட்டியது நினைவில் வந்தது. “வேண்டாம். நிப்பாட்டினபடியே கிடக்கட்டும்,” என்றார்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வீடு குளிர்ந்துகொண்டிருந்தது, மா அதற்கு மேலால் குளிரும். பாட்டுக்குழுவின் வாட்ஸப்பில் அருமைநாயகி ஒரேயொரு செய்தி போட்டார்: “ஆரின்ரை வீடு சூடா இருக்கு?” பதில்கள் பொரிந்தன. பக்கத்துத் தெரு ராஜி ஓடிவந்து இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். மரியமலர் தன் பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியிலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டு வாளியை ஏற்றினாள். ட்ராமில் ஒரு வாளி, பஸ்ஸில் ஒரு வாளி. என்ன இது என்று கேட்ட வெள்ளைக்காரனுக்கு ஒருத்தி “பேபி” என்று சொன்னாளாம். கடைசி வாளியைக் கிளறிற்றா தன் வான் வண்டியில் ஏற்றினாள்.

“வழி முழுக்க ஹீட்டர் போட்டுக்கொண்டு போறன், அன்ரி. காலமை கடையிலை தாறன்.” போவதற்கு முன் கிறிஸ்துராஜாவின் அறைச் சுவரில் நஞ்சுப்புகை அலாரம் ஒன்றையும் பொருத்திவிட்டாள்.

சனிக்கிழமை காலை டூட்டிங் கடைவாசலில் வாளிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அருமைநாயகி மூடிகளைத் திறக்கப் பயந்து, பாட்டுக்குழுவையே திறக்கச் சொன்னார். ராஜி வீட்டு மா பொங்கியிருந்தது. மரியமலர் வீட்டு மா வழிந்தே இருந்தது. கிளறிற்றாவின் ஹவுன்ஸ்லோ வாளிதான் கொஞ்சம் சோம்பல், அதற்கும் குறை சொல்ல முடியாது. பெண்கள் கைதட்டினார்கள். சண்முகராசா கல்லில் முதல் தோசையை வார்த்து, பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்தார்.

“அக்கா, வாற கிழமையும் இப்பிடியே தாங்கோ. ஒவ்வொரு கிழமையும் எடுக்கிறன்.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவர் அத்தனை நாளும் ஏங்கினார். சந்தோசத்தில் துள்ளியிருக்க வேண்டியவர், அத்தனை பேருக்கும் முன்னால் கணவர் பக்கம் திரும்பினார்.

“இஞ்சேருங்கோ, இந்த மாவுக்காக நான் உங்களைக் கொல்லப் பாத்திட்டன்.”

அன்று தலையிடி, சத்தி ஒன்றும் இல்லாமல் எழும்பி வந்திருந்த கிறிஸ்துராஜா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முப்பது வருசம் உன்னோடை இருந்து தப்பினவன், ஒரு பொயிலருக்கே சாகப்போறன்? போய்த் தோசையைப் போடு.”

அருமைநாயகி சண்முகராசாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். கண்ணீர் கண்ணை மறைத்ததில், அவர் வாழ்நாளில் வார்த்ததிலேயே கோணலான தோசை அதுதான். கிறிஸ்துராஜா அதை ஒரு துண்டும் விடாமல் தின்றார்.