டம்ளர் கழுவச் சொன்ன அரசு ஊழியர்

என் வீட்டில் வேலை செய்யும் மல்லிகாவுடன் இன்று காலை ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவள் மகளைக் கல்லூரியில் சேர்க்க இன்றே கடைசி நாள். வருமானச் சான்றிதழுக்கு அதிகாரியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எனக்கு நாற்காலி போட்டார்கள். அவள் நின்றாள்.

"என்ன வேலை செய்யறே?" என்று எழுத்தர் அவளைக் கேட்டார்.

"வீட்டு வேலை சார்."

"அப்போ சும்மா ஏன் நின்னுகினு இருக்கே? இந்த டீ டம்ளருங்கள கழுவி எடுத்தா. சார் வந்துடுவாரு."

மல்லிகா உடனே டம்ளர்களைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வை கீழே," என்றேன் அவளிடம்.

எழுத்தர் என்னைப் பார்த்தார்.

"அவங்க மனு கொடுக்க வந்தவங்க. அரசு ஊழியர் நீங்க. ஊழியம் செய்ய வேண்டியது யாருப்பா?"

அவர் ஃபைலை மூடினார். "சார் மீட்டிங் போறாரு. நாளைக்கு வாங்கம்மா."

மல்லிகாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அதிகாரி வந்தார். நடந்ததை அவரிடமே நேராகச் சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மல்லிகா வெடித்தாள்.

"ரெண்டு டம்ளரும்மா! கழுவிப் போட்டிருந்தா ஜல்தியா முடிஞ்சிருக்கும். எனக்கு உசுரே போயிடுச்சு. உங்களுக்கு ரோஷம் பெருசு, எனக்கு என் பொண்ணு பெருசு."

விறுவிறுவென்று கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான் செய்தது சரிதான். அதை அவளிடம் யாராவது எடுத்துச் சொல்லுங்களேன், நான் சொன்னால் கேட்க மாட்டாள்.