குழாயம்மா கட்டிய சின்ன ஆலை

பெரிய எண்ணெய் ஆலையின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் குழாயம்மா. எந்தக் குழாய் எந்தத் தூணைச் சுற்றிக்கொண்டு எந்தப் படிக்கட்டுக்கு அடியில் நுழைகிறது என்று கேட்டால், தாளைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். ஆனால் குழாய்க்குள் என்ன ஓடுகிறது, எத்தனை சூட்டில் ஓடுகிறது என்பதெல்லாம் அவள் கேட்கக்கூடாத சங்கதி.

“குழாய் போற வழி உங்க பாடு. உள்ள போறது எங்க பாடு” என்று ஒரு பொறியாளர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்துவைத்தாள். வாய் சும்மா இருந்ததே தவிர, காது சும்மா இருக்கவில்லை. கூட்டங்களில் பின்வரிசையில் பென்சில் சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு மனசில் போட்டுக்கொண்டாள்.

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், கை சும்மா இருக்கமாட்டாமல் சமையலறை அலமாரியை டேப் வைத்து அளந்து, எல்லா டப்பாக்களையும் இடம் மாற்றினாள். அவள் கணவர் பஸ் ஓட்டுநர். காலையில் கிளம்பும் அவசரத்தில் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுக் காபியைக் குடித்தவர், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“தாயே, உனக்கு ஒரு வேலை பார்த்துத் தரேன். என்னை மட்டும் விட்டுடு.”

வேலை அவள் தம்பி மூலமாக வந்தது. தம்பி ஊருக்கு வெளியே மர அறுவை ஆலை வைத்திருந்தான். கொல்லைப்பக்கம் மரத்தூள் மலைபோலக் குவிந்து கிடந்தது. மரத்தூளைக் காற்றுப்படாமல் சூடாக்கி, வருகிற புகையைக் குளிரவைத்து எண்ணெயாக்கும் உலை ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருந்தான். எண்ணெய் என்னவோ வந்தது. கன்னங்கரேலென்று, புகையும் புளிப்பும் கலந்த நெடியோடு. மரம் உலர்த்தும் சூளையில் அதை ஊற்றி எரித்துப் பார்த்தான். பர்னர் அடைத்துக்கொண்டது, பம்பு அரித்துப்போனது.

“கச்சா எண்ணெயை அப்படியே எரிச்சா அப்படித்தான்டா ஆகும். பிரிக்கணும்” என்றாள் அக்கா.

“அப்போ பிரிச்சுக் குடு. அங்க ஊரளவு பெருசா வரைஞ்சியே, எனக்கு ஒரு ஷெட்டளவு வரைஞ்சு தரமாட்டியா?”

அன்று வீடு திரும்பும்போது ஷெட்டின் நீள அகலத்தைக் கைக்குட்டை மடிப்பில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

அடுத்த இரண்டு மாதம் சாப்பாட்டு மேசை அவள் வசம். கணவர் வாசற்படியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். பெரிய ஆலையில் எண்ணெயைப் பிரிக்கும் கோபுரத்தையே ஆறு மீட்டருக்குச் சுருக்கி வரைந்தாள். அடியில் ஒரு கொதிகலம், மேலே கோபுரம், பக்கத்தில் ஆவியைக் குளிரவைக்கும் குழாய்கள். மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் டாங்க் செய்து கைதேர்ந்த வெல்டர் ஒருவர் அதைக் கட்டிக்கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர். பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ம்” என்பார். அந்த “ம்” வந்தால் ஒரு சொட்டு ஒழுகாது.

முதல் நாள் ஓட்டத்துக்கு அறுவை ஆலை ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அரை மணி நேரம் தண்ணீர்போல ஏதோ சொட்டியது. பிறகு சொட்டு நின்றது. சூட்டைக் கூட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுநாள் ஆறிய பிறகு கொதிகலத்தின் மூடியைத் திறந்தால், உள்ளே எண்ணெய் இல்லை, கருங்கல் இருந்தது. தீய்ந்துபோன சர்க்கரைப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது.

தம்பி மூடியை எடுத்து மறுபடி மூடிவிட்டு அறுவை இயந்திரம் பக்கம் போய்விட்டான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து மேசையில் இருந்த தாள்களை எல்லாம் சுருட்டிப் பரணில் போட்டாள்.

“என்னம்மா, இன்னைக்கு நான் உள்ள உக்காந்து சாப்பிடலாமா?” என்றார் கணவர்.

“நல்லா உக்காந்து சாப்பிடுங்க. நான் குழாய் வரையறவ. உள்ள ஓடறது எனக்கு எதுக்கு?”

அவர் மேசையை அவளுக்கே விட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வாசற்படிக்கே போனார். அது அவளை என்னவோ செய்தது.

மூன்றாம் நாள் வெல்டரிடமிருந்து போன் வந்தது. அவர் போன் செய்கிறவர் அல்ல. “மேடம், கொஞ்சம் வந்து பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உளியும் சுத்தியலுமாக இரண்டு நாள் மல்லுக்கட்டிக் கலத்தைப் பாதி சுத்தம் செய்திருந்தார். டார்ச் லைட்டை உள்ளே அடித்துக் காட்டினார்.

“அடியிலதான் கல்லு. மேல சுவத்தைப் பாருங்க. எண்ணெய் தெறிச்சு வழிஞ்ச இடம். மெல்லிசா ஒரு பூச்சுதான் இருக்கு, விரலால வழிச்சா வந்துடுது.”

குழாயம்மா தலையைக் கலத்துக்குள் விட்டுப் பார்த்தாள். அதே எண்ணெய், அதே சூடு. அடியில் தேங்கி நின்றது கல்லாகிவிட்டது. சுவரில் மெல்லிசாக வழிந்தது, ஆவியாக வேண்டியது ஆவியாகி, மிச்சம் கீழே இறங்கியிருக்கிறது. பூமிக்கு அடியில் காலங்காலமாக வெந்து வந்த எண்ணெய் எத்தனை நேரம் கொதித்தாலும் தாங்கும். இதுவோ நேற்றுவரை மரமாக இருந்தது. புளிப்பும் தண்ணீருமாகப் பச்சைப்பிள்ளை. கொதிக்க வைத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது.

“அடப்பாவி, நான் சின்னதா ஆக்கினேனே தவிர, மாத்தவே இல்லையே!” என்று கலத்துக்குள்ளேயே கத்தினாள். எதிரொலியில் வெல்டர் பயந்துபோனார்.

பரணிலிருந்து தாள்கள் இறங்கவில்லை. புதுத்தாள் வாங்கினாள். கோபுரத்தையும் கொதிகலத்தையும் கழற்றியாகிவிட்டது. அவற்றுக்குப் பதில் இரண்டு ஆள் உயரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழாய். வெளியே சூடு கொடுக்க ஓர் உறை. உள்ளே எண்ணெய் சுவரோடு மெல்லிசாக வழியும். நடுவில் சுழலும் தகடுகள் அதைத் தேங்கவிடாமல் வழித்துக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் காற்றை ஒரு பம்பு உறிஞ்சிவிடுவதால் குறைந்த சூட்டிலேயே ஆவி கிளம்பும். மேலிருந்து அடிக்கு வர எண்ணெய்க்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கணவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். “இது என் பஸ்ஸுல இருக்கிற வைப்பர் மாதிரி இல்ல இருக்கு?”

“அதேதாங்க. இது சுத்தி சுத்தித் துடைக்கும்.”

“அப்போ நானே சொல்லியிருப்பேனே, என்னைக் கேக்கக்கூடாதா?” என்று அவர் அலட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பஸ் டிப்போவில் ஆலையில் பாதி அவர் வரைந்தது என்று பேச்சு.

இரண்டாவது ஓட்டத்தில் தகடு சுவரில் உரசிய சத்தத்தில் காது கிழிந்தது. இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினார்கள். மூன்றாவது ஓட்டத்தில் முதலில் புளித்த தண்ணீர் வந்தது. சூட்டைக் கூட்டியதும் ஆவியைக் குளிரவைக்கும் இரண்டாவது குழாயில், கடுந்தேநீர் நிறத்தில், மெல்ல ஓர் எண்ணெய் இழை இறங்கியது. அடியில் பிசின் மாதிரிக் கறுப்புக் குழம்பு, ஆனால் ஓடுகிற குழம்பு. வெல்டர் ஒரு கண்ணாடிக் குவளையில் எண்ணெயைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ம்” என்றார்.

தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சூளை இப்போது அந்த எண்ணெயில் எரிகிறது. அடியில் வரும் பிசினைப் பசையில் கலந்து மரத்தூள் பலகை அழுத்துகிறார்கள். புளித்த தண்ணீரை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. டிரம்மில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அனுமதி கொடுக்க வந்த பாதுகாப்பு அதிகாரி வரைபடத்தை விரித்து, மூலையில் காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினார். “வடிவமைத்தவர் கையெழுத்து வேணுமே. யாரு?”

முப்பத்தோரு வருடம் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் மட்டும் போட்ட கையெழுத்து. பேனாவை வாங்கி, கட்டத்தின் தலைப்பை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். போட்டுவிட்டு, மை காயட்டும் என்று ஊதினாள்.

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். அவர்களிடமும் உமியைச் சூடாக்கி எடுத்த எண்ணெய் இருக்கிறதாம், இன்னும் கெட்டியாம். கேனைத் திறந்து காட்டினார். குழாயம்மா ஒரு குச்சியை விட்டுத் தூக்கினாள். எண்ணெய் சொட்டாமல் நூலாக இழுத்தது.

“இது வேற மாதிரி இருக்கே” என்றாள். முகமெல்லாம் சிரிப்போடு கணவரைக் கூப்பிட்டாள். “என்னங்க, மேசையில இருக்கிற தட்டையெல்லாம் கொஞ்சம் எடுங்க.”