கைநாட்டைச் சோதிக்கப் போனேன்

எங்கள் வீட்டில் பால்காரர் பால் ஊற்றுவதற்கு முன்னால் அளவுக் குவளையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். மதுரையிலிருந்து தினமும் பஸ் ஏறி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் டிரில் டீச்சராக வேலை பார்த்தபோதும் அந்தப் புத்தி கூடவே வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், எட்டாம் வகுப்புப் பெண்களை அழகர்மலை அடிவாரத்துக்கு மூன்று நாள் முகாம் கூட்டிப்போக முடிவானது. கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, தாங்களே சமைத்துச் சாப்பிடுவது; ராத்திரிக் காவலுக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன். பெற்றோர்களை வரவழைத்து விளக்கினேன். யார் யாரோ ஊருக்குள் வந்து, எதற்கென்று சொல்லாமலே கைநாட்டு வாங்கிக்கொண்டு போன காலம் அது. சம்மதப் படிவத்தை நீட்டியதும் கூட்டமே பின்வாங்கியது.

"டார்ச் லைட்டு எதுக்கு? ராத்திரி எங்க கூட்டிட்டுப் போறீக?"

"கூடாரத்துக்குக் கதவு இருக்கா?"

"அந்த வாட்ச்மேனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா டீச்சர்?"

எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னேன். உள்ளுக்குள் எரிச்சல். களையெடுக்க இதே பிள்ளைகளை அடுத்த ஊருக்கு விடியற்காலையில் அனுப்புகிறவர்கள்தான் இவர்கள். அவர்கள் என்னை நம்பவில்லை, நானும் அவர்களை நம்பவில்லை.

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு கையெழுத்து பொய்யா இருந்தாலும் நீங்கதான் பொறுப்பு" என்றார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படிவத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. வகுப்பிலேயே வேகமாக முடிச்சுப் போடுகிற பெண்ணின் படிவம் அது. அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவும் தாய்மாமனும்தான் வளர்க்கிறார்கள். கூட்டத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. "மாமா விடமாட்டாரு டீச்சர்" என்று திங்கட்கிழமை கண்ணைக் கசக்கியவள், வியாழக்கிழமை அம்மாவின் கைநாட்டோடு வந்து நின்றாள். சின்னதாக, உருண்டையாக ஒரு ரேகை. நடுவில் குறுக்கே மை படாமல் ஒரு கோடு. அவள் கட்டைவிரலைப் பார்த்தேன், நீல மை அப்பியிருந்தது. பேனா வைத்திருக்கிற எல்லாப் பிள்ளைகளின் விரலும் அப்படித்தான் இருக்கும் என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை, ஆபீசிலிருந்து எடுத்த ஸ்டாம்ப் பேடைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன்.

மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மாவும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். நான் படிவத்தை விரித்துக் காட்டினேன்.

"சம்மதமா? நாந்தேன் கூடாதுன்டேனே" என்றார் மாமா.

எனக்கு அது போதுமாக இருந்தது. "அப்போ இவளே வச்சிருக்கா. பொய்க் கைநாட்டு. பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திருவாங்க" என்றேன். பெண் அம்மாவைப் பார்த்தாள்.

"நாந்தேன் வச்சேன்" என்றாள் அம்மா.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மகளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டாம்ப் பேடைத் திறந்து, "அப்படின்னா இதுல இன்னொரு தடவை வைங்க" என்று வெள்ளைத்தாளை நீட்டினேன். அவள் அண்ணனைப் பார்க்காமல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அதே உருண்டை. குறுக்கே அதே கோடு. விரலைத் திருப்பிப் பார்த்தேன், கதிர் அரிவாள் பட்ட பழைய தழும்பு.

மாமா சத்தம் போடவில்லை. "எனக்குத் தெரியாமயா?" என்று தங்கச்சியைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீக டீச்சரம்மா. இன்னைக்கோ நாளைக்கோ சமையப்போற பிள்ள. போன எடத்துல ஆயிருச்சுன்னா தாய்மாமன் நான் குச்சுக் குடிசை கட்ட எங்க போவேன்? மலைக்கா ஓலையத் தூக்கிட்டு வருவேன்? எங்க வச்சு ஆச்சு, கூட யாரு இருந்தான்னு ஊரு ஆயிரம் கேக்கும். பிள்ள வராது."

படிவத்தை மடித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அம்மா கொடுத்த மோரை நிமிர்ந்து பார்க்காமலே குடித்தேன். அந்த நிலைமையிலும் மாமா மரியாதை குறையாமல், "டீச்சரம்மாவ பஸ் ஏத்திவிட்டுட்டு வா" என்று மருமகளை அனுப்பினார்.

புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், "உன் நல்லதுக்குத்தான் வந்தேன்" என்று உளறினேன்.

அவள் கோபப்படவில்லை. "மாமா சந்தைக்குப் போயிருந்தப்ப அம்மா வச்சுச்சு டீச்சர். நாங்க கெளம்புன பெறகு மாமாகிட்டத் தானே சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்னுச்சு" என்றாள். பஸ் வருவது தெரிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் படியில் கால் வைத்தபோது மெதுவாகச் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துலயே என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டீச்சர்."

அவளைக் கேட்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.