பச்சைத் தண்டும் பழுப்புத் தண்டும்

அக்னியா முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையானவர்களைக் குளிப்பாட்டியவள். மறதி நோய் எப்படித் தொடங்கும், எங்கே போய் முடியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அது தன் வீட்டுக்குள் நுழைந்தபோது மட்டும், "வயசாச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

கணவன் யெவ்ஸே வனக்காவலனாக இருந்தவன். காட்டுத்தீ தின்ற இடத்தில் இரண்டொரு வருடத்தில் ராஸ்பெர்ரி புதராக மண்டும். கரடிகளை முந்திக்கொண்டு பழம் பறிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அங்கிருந்து இருபது கன்றுகளை வேரோடு பெயர்த்து வந்து கொல்லையில் நட்டான். அந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தேநீரில் கலக்க அந்தப் பழ ஜாம்தான் போகும். உடம்பு நன்றாக இருக்கிறவன் ஜாடியைத் தொட்டால் அக்னியாவின் கரண்டி புறங்கையில் விழும்.

போன குளிர்காலத்தில் அவன் தன் கம்பளிக் காலணியை அடுப்புக்குள் வைத்துச் சுட்டான். ஜூலையில் நகரத்திலிருந்து மகள் லீதா போன் செய்தாள்.

"அம்மா, இங்க முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்கு. விட்டா கிடைக்காது. நீ தனியா எத்தனை நாள் தாங்குவ?"

"ஆகஸ்டு வரைக்கும் பொறு. உங்கப்பா ராஸ்பெர்ரியை ஒழுங்கா வெட்டிக் கழிச்சுவிட்டார்னா இங்கேயே இருப்பார். இல்லேன்னா நீ சொன்னபடி."

அவள் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தரையிலிருந்து இந்த வருடம் எழும் பச்சைத் தண்டு அடுத்த வருடம் பழுப்பாகி, பழம் கொடுத்துவிட்டுச் சாகும். பழுத்து முடிந்த பழுப்புத் தண்டை அடியோடு வெட்டி, பச்சையை விட்டுவைக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் யெவ்ஸே செய்கிற வேலை அது.

ஆகஸ்டு கடைசியில் கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஸ்தெபனீதாவின் கால் புண்ணுக்குக் கட்டுப்போடப் போனாள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. பச்சைத் தண்டுகள் ஒன்று விடாமல் வெட்டப்பட்டு, வரிசையாக அடுக்கிக் கிடந்தன. செத்துக்கொண்டிருந்த பழுப்புத் தண்டுகள் முளைக்குச்சிகளோடு சேர்த்துப் பதமாகக் கட்டப்பட்டிருந்தன. கட்டு ஒன்றுகூடத் தளரவில்லை.

"என்ன கிழவா பண்ணி வச்சிருக்க?"

"களையெல்லாம் எடுத்துட்டேன்" என்றான், முகமெல்லாம் மலர்ந்து. "இந்த வருஷம் பழம் குடுத்தது இந்தப் பழுப்புதானே? குடுத்ததைப் போய் எவனாவது வெட்டுவானா?"

அவள் குனிந்தாள். ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்தாள். வெட்டு சாய்வாக, சுத்தமாக இருந்தது.

"நல்லாத்தான் வெட்டியிருக்க" என்றாள். "உள்ள வா, கை கழுவு."

அவனுக்குச் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு லீதாவுக்குப் போன் போட்டாள்.

"சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வா" என்றாள் அக்னியா. "காலைல வா. காலைலதான் அவருக்கு உன் பேரு ஞாபகம் இருக்கு."

சமையலறையிலிருந்து யெவ்ஸே சத்தமாகக் கேட்டான்: "யாரு போன்ல? அடுத்த வருஷம் அவங்களுக்கும் ஒரு வாளி பழம் குடுத்துடணும், என்ன?"

"குடுத்துடலாம்" என்றாள். ரொட்டி வெட்ட உள்ளே போனாள்.