முள் ஏறிய காலை

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது, இனிமேல் இரவில் லாரி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அது 1974. சங்ககிரியிலிருந்து பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இருபத்தெட்டு வருடம் லோடு ஏற்றிப் போனவர். இரவில் ஓட்டாத டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? மகன்கள் தலையெடுத்துவிட்டதால் சோற்றுக்குக் கவலையில்லை. உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

காலையில் எழுந்து பஸ் நிலையம் வரை நடப்பார். வந்து ஒரு டம்ளர் நீர்மோர் குடிப்பார். வாசலுக்கும் எருமையின் கட்டுத்தறிக்கும் நடுவே நடப்பார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள் மனைவி சௌந்திரம்.

"ஏனுங்க, நீங்க நடக்கறதப் பாத்து எருமை மெரளுது. பால் இறங்க மாட்டேங்குது. எங்கியாச்சும் தூரமாப் போயிட்டு வாங்க."

அன்று சங்ககிரி மலைமேல் ஏறினார். கோட்டைக்குப் போகும் படிகள் முடிந்த பின்னும் நிற்காமல் உச்சிவரை போனார். தொடை நடுங்கியது, வாயெல்லாம் உலர்ந்தது. ஆனால் மேலே நின்றபோது, லாரிக் கண்ணாடி வழியாக இத்தனை வருடம் பக்கவாட்டில் ஓடிப்போன மலைகள் எல்லாம் ஓடாமல் நின்றன. திருச்செங்கோடு, கஞ்சமலை, அதற்கப்பால் புகைபோலப் போதமலை. கொஞ்ச நேரம்தான் பார்த்தார். அதற்குள் அடுத்த மலைக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

அடுத்த மூன்று வருடத்தில் கண்ணுக்குத் தெரிந்த மலைகளில் முக்கால்வாசி ஏறி இறங்கினார். பழைய தார்ப்பாயை வெட்டித் தோளில் மாட்டும் பையாகத் தைத்துக்கொண்டார். டயர் அடித்தோல் வைத்த செருப்பு, லோடு கட்டும் கயிறு முப்பது அடி, ஒரு தண்ணீர்க் குடுவை. கோயில் இருக்கும் மலையா, கும்பிட என்ன வேண்டுதல் என்று ஊரார் கேட்டார்கள். வேண்டுதல் ஒன்றும் இல்லை என்றால் யாரும் நம்பவில்லை.

சேலம் டவுனில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஜான் பாஷா ஒருவர்தான் அப்படிக் கேட்காதவர். லாரிக்கு உதிரி வாங்கப் போன நாளிலிருந்து பழக்கம். நாச்சிமுத்துவைவிட ஆறு வயது இளையவர், பருத்த உடம்பு. 1976-இல் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக் குவியலிலிருந்து உள்ளங்கை அளவு வட்டமான ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்.

"கடிகாரம் இல்லண்ணே. உயரம் காட்டுற மீட்டர். ஏற ஏற முள்ளும் ஏறும், பாருங்க."

நாச்சிமுத்து அதைச் சங்ககிரி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார். நிலையப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருந்ததை அடியாக்கி, முள்ளை அதற்கு நேராகத் திருப்பிவைத்தார். வீட்டுக்கு வந்து மாடக்குழியில் வைத்தார். பிற்பகலில் பார்த்தால் முள் எண்பது அடி ஏறியிருந்தது. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

"உங்களாட்டவே அதுக்கும் ஓரிடத்துல இருப்புக் கொள்ளலையாட்ட இருக்குது" என்றாள் சௌந்திரம்.

அடுத்த பஸ் பிடித்து ஜான் பாஷாவிடம் போய்க் கேட்டார்.

"அது காத்தோட கனத்தைத்தான் அளக்குது. காத்து லேசானா முள்ளு ஏறும். மலை மேல காத்து லேசு. புயல் வந்தாலும் லேசு. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

அதன்பின் நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் குறைந்தது. எழுந்ததும் முள்ளைப் பார்ப்பார், மாட்டைக் கட்டும்போது பார்ப்பார். நல்ல நாளில் காலை பத்து மணிக்கு முள் தாழ்ந்திருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு நூறு அடிவரை ஏறும், மறுபடி இறங்கும் என்பது சில மாதங்களில் பிடிபட்டது. இறங்க வேண்டிய காலையில் அது ஏறினால் மழை வரும். இரண்டு ஐப்பசியில் சொல்லிவைத்ததுபோல் நடந்தது.

ஜான் பாஷா தானும் ஒரு மலை ஏற வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1978 ஐப்பசியில் போதமலைக்குப் புறப்பட்டார்கள். ஆட்டையாம்பட்டியில் சந்தித்து, இராசிபுரம் பஸ்ஸில் போய், அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். அந்த மலைக்கு அப்போது ரோடு கிடையாது. ஜான் பாஷா இருபது அடிக்கு ஒருதரம் நின்றார். நாச்சிமுத்து மேலே போய்க் காத்திருந்து, பொறுக்காமல் கீழே இறங்கி வந்து, மறுபடி கூடவே ஏறினார். பொழுது சாயும்போது பாதி மலையில் காத்தான் என்பவரின் வீட்டில் தங்கினார்கள். காத்தானின் மனைவி குப்பாயி சாமைச் சோறு போட்டாள். முள் இரண்டாயிரத்து எண்ணூறில் நின்றது.

விடிந்து எட்டு மணிக்குப் பார்த்தபோது மூவாயிரத்து ஐம்பது.

நாச்சிமுத்து விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. இருநூற்றைம்பது அடி, அதுவும் இறங்க வேண்டிய நேரத்தில். இவ்வளவு அவர் பார்த்ததே இல்லை. வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. உச்சி தெரிந்தது, கைநீட்டினால் தொடலாம் போல. இப்போது திரும்பினால் இனி அடுத்த தைக்குத்தான். ஜான் பாஷாவை இவ்வளவு தூரம் இழுத்து வரவே ஒரு நாள் ஆகிவிட்டது.

"முள்ளு எப்படிண்ணே இருக்கு?" என்றார் ஜான் பாஷா, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

"அப்படியேதான் இருக்குது பாய்."

வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஏறியதும் ஒரு ஓடை குறுக்கிட்டது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஜான் பாஷாவின் முழங்கால் அங்கே மடங்க மறுத்துவிட்டது. ஓடைக் கரையில் ஒரு பெரிய பாறை, அதன் அடியில் நிழல்.

"நீங்க இங்கயே இருங்க பாய். எங்கியும் போயறாதீங்க. ரெண்டு மணி நேரத்துல வந்தர்றேன்."

உச்சிக்குப் போகுமுன்பே மேகம் வந்து மூடியது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். இன்னும் கொஞ்சம்தானே என்று கால் போனது. உச்சியில் நின்றபோது தன் கையே தெரியவில்லை. பிறகு மழை. மழை என்றால் வானத்திலிருந்து விழுவது அல்ல, நாலாப்பக்கமும் ஒரே இரைச்சல். பாதை ஓடையாகிவிட்டிருந்தது. வழுக்கி, உருண்டு, ஓடைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே பாறை இல்லை. செந்நிறத் தண்ணீர் மரங்களின் இடுப்பளவில் போய்க்கொண்டிருந்தது.

"பாய்" என்று கத்தினார். தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை. கரையில் மேலே ஓடினார், கீழே ஓடினார். கயிற்றை ஒரு மரத்தில் கட்டி இறங்கிப் பார்த்தார். தண்ணீர் காலைத் தூக்கியது. ஏறிவிட்டார். அப்படி மூன்று மணி நேரம். நடந்த இடத்தில் புல் மடிந்து சேறாகிவிட்டது. ஜான் பாஷாவின் மனைவி மதீனா பீவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தார்.

தண்ணீர் வடிந்ததும் கயிற்றைப் பிடித்துக் கடந்தார். பாறைக்கடியில் ஜான் பாஷா கொண்டுவந்த டிபன் கேரியரின் மூடி மட்டும் செருகிக் கிடந்தது. காத்தான் வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜான் பாஷா உட்கார்ந்திருந்தார்.

"நாந்தேன் போயிக் கூட்டியாந்தேன்" என்றாள் குப்பாயி. "மேல கறுக்கவுமே ஓடினேன். எந்திரிக்கவே மாட்டேன்னாரு. அண்ணன் இங்கயே இருக்கச் சொல்லியிருக்காருன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு. கையப் புடிச்சு இழுத்தாந்தேன். ஏறித் திரும்பிப் பாத்தா பாறையக் காணம்."

ஜான் பாஷா நிமிர்ந்து பார்த்தார். "உச்சியைப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்" என்றார் நாச்சிமுத்து.

மறுநாள் நாலு பேர் தார்ப்பாயில் தூளி கட்டி ஜான் பாஷாவைக் கீழே இறக்கினார்கள். வழி நெடுக நாச்சிமுத்து கூடவே வந்தார், முள்ளைப் பற்றிச் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து சேலத்துக்குப் போய், மதீனா பீவியும் கூட இருக்கும்போதுதான் சொன்னார்.

"காலைல முள்ளு ஏறியிருந்துச்சு பாய். நான் பொய் சொல்லீட்டேன்."

ஜான் பாஷா தன் வீங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதீனா பீவி தேநீர் டம்ளரை நாச்சிமுத்துவின் முன்னால் வைத்தாள். "குடிச்சிட்டுப் போங்கண்ணே. இனிமே இவரை எங்கயும் கூப்பிடாதீங்க" என்றாள். நாச்சிமுத்து மீட்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகான மூன்று வருடம் அவர் நடந்ததுபோல் முன்பு நடந்ததில்லை. வாரம் ஒரு மலை. போன மலைக்கே மறுபடி போனார். உச்சியில் ஐந்து நிமிடம் நிற்க மாட்டார். "எதுக்குத்தான் போறீங்க?" என்று சௌந்திரம் கேட்டதற்கு, "தெரியல" என்றார்.

1982 மாசியில் ஒரு காலை, ஜான் பாஷா கைத்தடியோடு சங்ககிரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இந்த மலை மட்டும் ஏறலாம். ஆனா எங்க திரும்பணும்னு நான்தான் சொல்லுவேன். சம்மதமா?"

"சரிங் பாய்."

கோட்டையின் மூன்றாவது வாசலில் ஜான் பாஷா நின்றார். மூச்சு வாங்கவில்லை, முழங்காலும் வலிக்கவில்லை. "திரும்பலாம்" என்றார். மேலே மலையுச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் கால்கள் தரையை அரைத்தன. பிறகு திரும்பினார். அடிவாரத்துக் கடையில் ஜான் பாஷா டீக்குச் சொன்னார்.

அப்படி 1987 வரை ஒன்பது மலைகளுக்குப் போனார்கள். இரண்டில்தான் உச்சி பார்த்தார்கள். மன்னித்துவிட்டதாக ஜான் பாஷா ஒருநாளும் சொன்னதில்லை, நாச்சிமுத்துவும் கேட்டதில்லை. கடைசியாகப் போனது கஞ்சமலை. பாதியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்த ஜான் பாஷா, "நீங்க போயிட்டு வாங்கண்ணே, பரவாயில்ல" என்றார்.

நாச்சிமுத்து மேலே பார்த்தார். "வேண்டாங் பாய்" என்று உட்கார்ந்தார். பத்து நிமிடம் தாங்கவில்லை. எழுந்து மரத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

"அறுபத்தேழு வயசாச்சு உங்களுக்கு" என்றார் ஜான் பாஷா.

"ஆச்சுங்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சௌந்திரத்திடம், அடுத்த வாரம் கொல்லிமலைக்குக் கூட வருகிறாயா, பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று கேட்டார். எருமை கன்று போடும் மாதம், முடியாது என்றாள். அவரும் சரியென்றார். விடிந்ததும், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைக்கலாம் என்று புறப்பட்டார்.