பிலோமியம்மா வீட்டு ஸ்டார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு மடையன். அதிலும் ஏணியும் சுத்தியலும் வைத்திருந்த மடையன். சும்மா உட்கார்ந்திருக்கும் மடையனால் ஊருக்கு ஆபத்தில்லை. ஏணி உள்ளவன் அடுத்தவன் வீட்டு வாசல் வரைக்கும் ஏறிவிடுவான்.

ராயபுரத்தில் கேபிள் டிவி லைன்மேனாக என் காலம் போனது. ஆம்ப்ளிஃபையர், ஸ்ப்ளிட்டர் பற்றியெல்லாம் சொல்லித்தர விவரமான ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது ஒரு ஆணியைப் பற்றி மட்டும்தான்.

1. பனி வேணும்லே

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தெற்கத்திக்காரர். கீழே மொத்த மளிகை, மாடியில் கேபிள் கண்ட்ரோல் ரூம். இரண்டாயிரம் பிறந்த புதிது. ஏரியாவுக்கென்று ஒரு லோக்கல் சேனல் விட்டிருந்தோம். பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் பாட்டு. கல்யாண வீடியோ எடுத்துப் பழகியிருந்ததால் கேமராவும் என் கையில்தான்.

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு ஆசை வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நாமே ஒரு மணி நேரக் காதல் படம் எடுத்து நம் சேனலில் போட வேண்டும். கதையும் அவருடையதே. பையன் கப்பல் வேலைக்குப் போகிறான். தகவலே இல்லை. ஊரே அவனை மறந்துவிடுகிறது. காதலி மட்டும் தினமும் வாசலில் ஸ்டார் ஏற்றி வைத்துக் காத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று அவன் வந்து நிற்கிறான். பையன் வேஷம் அண்ணாச்சியின் மச்சினனுக்கு. டைரக்டர், கேமரா, லைட், எடுபிடி எல்லாம் நான்.

“ஏலே முரளி, கடைசி சீன்ல பனி கொட்டணும்லே.”

“ராயபுரத்துல பனியா அண்ணாச்சி? இங்க மார்கழியிலயே ஃபேன் போட்டுகினு தூங்குறோம்.”

“தெர்மோகோலத் துருவுலே. டேபிள் ஃபேன வையி. இதெல்லாம் நானா சொல்லித் தரணும்?”

தேங்காய்த் துருவியில் தெர்மோகோலைத் துருவினேன். பொங்கல் வரைக்கும் என் காதுக்குள்ளிருந்து பனி கொட்டியது.

2. விழுந்த பல்

கடைசி சீனுக்கு சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் காகித ஸ்டார். மாலையில் எல்லாம் எரியும்போது எதிர் மொட்டைமாடியில் கேமராவை வைத்துப் பார்த்தேன். அழகு. ஆனால் சரியாக நடுவில் ஒரு வீடு மட்டும் இருட்டு. சிரிக்கிற வாயில் முன்பல் விழுந்த மாதிரி.

பிலோமியம்மா வீடு. எங்கள் கஸ்டமர்தான். அவங்களும் மருமகள் ஸ்டெல்லாவும் மட்டும். மகன் அருள் காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. லாஞ்சும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அது தெரியும் எனக்கு. தெரிந்தும் என் மண்டையில் ஓடியது என்ன தெரியுமா? பாவம், ஆம்பளை இல்லாத வீடு, ஏறி மாட்ட ஆள் இல்லை போல.

வீடு பூட்டியிருந்தது. அம்மா நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தாங்க, ஸ்டெல்லா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. நான் காத்திருக்கவில்லை. கேபிள்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவன் வீட்டுச் சுவரும் நம் சுவர்தான். ஒயர் இழுக்க வேண்டும் என்றால் ஆணி அடிப்போம், கேட்க மாட்டோம். அப்படியே ஏணி போட்டு, அவங்க வாசல் மேலே ஒரு ஆணி அடித்து, கையிலிருந்த ஸ்டாரை மாட்டினேன். கம்பத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் போகும் கரண்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது. மச்சினன் பெட்டியோடு ஓடி வந்து அந்த ஸ்டாருக்குக் கீழே நின்றான். ஃபேனைப் போட்டேன், பனி கொட்டியது. ஷாட் ஓகே.

ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டாரைக் கழற்றவில்லை. நல்லது செய்துவிட்டு வருகிறோம் என்று ஒரு பெருமை வேறு.

3. கருத்து கேட்கப் போனது

கிறிஸ்துமஸ் அன்று மாலை படம் ஓடியது. மறுநாள் அண்ணாச்சி மைக்கைக் கையில் கொடுத்தார். “சனம் என்ன சொல்லுதுன்னு புடிச்சிட்டு வாலே. நாளைக்கு அதையே ஒரு நிகழ்ச்சியாப் போட்டுருவோம்.”

சனம் சொன்னது. மீன் விற்கும் அக்கா ஒருத்தர் கூடையை இறக்காமலே ஆரம்பித்தார். “அந்தப் பொண்ணு அம்மாம் அழுவுது, கண்ணு மை கலையல. நாங்க அழுதா மொதல்ல மூக்கு ஒழுவும் நைனா. அத்தக் காட்டுனியா நீ?”

துறைமுகத்தில் லோடு இறக்கும் ஒருவர் என் தோளில் கை போட்டார். “மாமு, நீ காட்டுனது நிலக்கரி கப்பலு. நான் எறக்குனது. அதுலேர்ந்து வெள்ளச் சட்டையோட வர்றான் உன் ஹீரோ. எந்தக் கடையில கீது அந்த சோப்பு?”

இன்னொரு பெரியவர், “பொட்டி காலி. காத்துல ஆடுது. கப்பல்லேர்ந்து வர்றவன் பொட்டியத் தூக்க ரெண்டு ஆளு வேணும்பா,” என்றார்.

“அவன் தல மேல மட்டும் இன்னாத்துக்குப் பனி கொட்டுது? மொதல்ல வாசல் ஓட்ட மாத்தச் சொல்லு!” இது ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஒன்றை மட்டும் அன்றைக்குக் கவனிக்கவில்லை. இவ்வளவு கிண்டல் செய்தவர்களும் முடிக்கும்போது ஒரே மாதிரி முடித்தார்கள். “ஆனா வந்துட்டான்ல. அது போதும்.”

கடைசியாகப் பிலோமியம்மா வீடு. ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. அம்மா புதுப்புடவை கட்டியிருந்தாங்க. ஒரு தட்டு நிறைய கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல், பொரித்து வைத்திருந்தாங்க.

“துன்னு நைனா. படத்துல எங்க வூட்டக் காட்டுனியே, பாத்தேன். எங்க வூட்டு வாசல்லதான் வந்து நிக்கிறான் அந்தப் புள்ள.” கேமராவை நேராகப் பார்த்தாங்க. கண் ஓடியது. துடைக்கவில்லை. “நல்ல படம். எல்லாரும் செத்துட்டான் செத்துட்டான்றாங்க. வந்துட்டான் பாரு. ஸ்டார் எரிஞ்சிகினு இருந்துச்சி, அத்தப் பாத்துதான் வந்தான்.”

வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது: நல்ல க்ளோசப்.

நான் வெளியே வரும்போது ஸ்டெல்லா பின்னாலேயே படியிறங்கி வந்தது. குரலை உயர்த்தவில்லை.

“அண்ணா, ஸ்டார் மாட்டுனது நீயா?”

“ஆமாம்மா. ஆளு இல்லாத வூடேனு...”

“எங்களுல சாவு வுழுந்த வூட்ல அந்த வருசம் ஸ்டார் மாட்ட மாட்டாங்க. தெரியுமா உனுக்கு?”

தெரியாது. வியாசர்பாடிக்காரன், மாரியம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவன். எனக்கு அது கலர் பேப்பர்.

“அவரு போய் மூணு கிறிஸ்மஸ். மொத ரெண்டு வருசமும் மாமியா ஸ்டார் மாட்டுனாங்க. புள்ள சாவலனு. மாட்டலன்னா செத்துட்டான்னு ஆயிடுமாம். தெருவே சொல்லிப் பாத்துச்சி, ஃபாதர் சொல்லிப் பாத்தாரு. இந்த வருசந்தான் அவங்களாவே சொன்னாங்க, ‘வேணாம் புள்ள, இருட்டா இருக்கட்டும். பொங்கல் கழிச்சி சர்ச்சுல அவனுக்கு எறந்தவங்க பூச வெச்சிடலாம். நீ உங்கம்மா பாத்த எடத்துக்குப் போ.’ எண்ணூர்ல மாப்ள பாத்துருந்தாங்கண்ணா. அப்டி சொன்ன அன்னிக்கு நானும் அவங்களும் கட்டிகினு அழுதோம்.”

நான் மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“சர்ச்லேர்ந்து வந்தா, வாசல்ல ஸ்டார் எரியுது. அங்கியே முட்டி போட்டுட்டாங்க. கேபிள்காரங்க ஷூட்டிங்னு பக்கத்து வூட்டுக்காரங்க சொன்னாங்க, காதுலயே வாங்கல. அப்புறம் உன் படமும் வந்துச்சி. இப்ப, ‘இன்னும் ஒரு வருசம் பாப்போம் புள்ள’ன்றாங்க.”

மறுபடி உள்ளே போனேன். அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷாட்டில் இருட்டாக இருந்தது, நான்தான் மாட்டினேன், பனி தெர்மோகோல், ஹீரோ அண்ணாச்சி மச்சினன், கப்பல் நிலக்கரிக் கப்பல். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாங்க. பிறகு என் கன்னத்தைத் தட்டினாங்க.

“நீ மாட்டுனதா நெனச்சிகினு கீற. மாதாதான் உன்ன ஏத்தி வுட்டுச்சி. இல்லன்னா எத்தினி வூடு கீது, என் வூட்டுக்கா ஏணி போடுவ?”

தட்டிலிருந்து ஒரு கல்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

4. கம்ப்ளெய்ண்ட்

அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவில்லை. டேப் டெக்கில் சிக்கிவிட்டது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். “உன் மண்டைக்குத்தாம்லே ஹெட் கிளீனர் போடணும்,” என்றார். உண்மையில் அதன்மேல் ஒரு காதுகுத்து விழாவைப் பதிந்திருந்தேன்.

டேப்பை அழித்துவிட்டேன். ஸ்டாரை அழிக்க முடியவில்லை. ஒருமுறை கம்பத்தில் ஏறி அந்த ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டேன். தானாக அணைந்தால் அம்மா மனம் மாறும் என்று என் கணக்கு. அரை மணி நேரத்தில் கண்ட்ரோல் ரூமுக்கு ஃபோன். “கேபிள்காரரே, எங்க வூட்டு ஸ்டார் எரியலப்பா. டிவி இன்னிக்கி வேணாம், அத்த மட்டும் பாத்துடு.” போனேன், ஒயரைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு காகிதம் கிழிந்தால் காகிதம், பல்பு போனால் பல்பு. எல்லாம் நானே. அந்த வீட்டின் மற்ற கம்ப்ளெய்ண்ட் எதற்கும் நான் அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

எண்ணூர் மாப்பிள்ளை ஒரு வருஷம் பார்த்தார், பிறகு வேறு பெண்ணைக் கட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘இன்னும் ஒரு வருசம்’ என்பது அதற்குப் பிறகும் ‘இன்னும் ஒரு வருசம்’ என்றே போனது.

புதுப்பிள்ளைகளே, ஆணி அடிப்பதற்கு முன்னால் கதவைத் தட்டிக் கேளுங்கள். பூட்டியிருந்தால் திரும்பி வாருங்கள். இருட்டாக இருக்கும் வீட்டை இருட்டாகவே விடுங்கள். ஷாட் நன்றாக வராது, பரவாயில்லை.

டிஷ் ஆன்டெனா வந்து எங்கள் பிழைப்பு படுத்த காலத்தில், ஒரு டிசம்பரில் கடைசியாக அந்த வீட்டுக்குப் பல்பு மாற்றப் போனேன். பிலோமியம்மா கட்டிலோடு கிடந்தாங்க. அவங்களுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் படுத்த இடத்திலிருந்து ஸ்டார் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஸ்டெல்லா கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தது. ஏணியையும் அதுதான் பிடித்துக்கொண்டது. மேலே நின்று குனிந்து பார்த்தேன். வகிட்டில் நரை ஓடியிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சங்கடம் வந்தால் ஜோக்கடித்துவிடுவேன்.

“ஊரே கருத்து சொல்லுச்சி ஸ்டெல்லா. நீ மட்டும் சொல்லவேயில்ல. படம் எப்டி கீதும்மா?”

“பல்பு எரியுதான்னு பாத்துட்டு எறங்குண்ணா.”